தேயும் ஊரில் தழைக்கும் வியாபாரம் – ஜப்பானின் டோகுஷிமா காட்டும் வழி

ஓர் ஊரின் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டுமானால் அந்த ஊர் மளிகைக் கடையின் கல்லாவைப் பார்த்தால் போதும். எந்த வீட்டில் ஆள் குறைந்தது, யார் வீட்டுப் பிள்ளை வேலை தேடி வெளியூர் போனான், மூட்டையாக அரிசி வாங்கிய குடும்பம் எப்போது ஐந்து கிலோவுக்கு இறங்கியது என்பதெல்லாம் கணக்கெடுப்பு அதிகாரிகளுக்கு முன்பே கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். ஊர் தேயத் தொடங்கினால் முதல் அடி விழுவது வியாபாரத்தின் மேல்தான். இது நாம் அறிந்ததே.

ஆனால் இதன் மறுபக்கத்தை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஊர் தேய்ந்தால் கடை மூடும். கடை மூடினால் ஊர் இன்னும் வேகமாகத் தேயும். உப்புக்கும் சோப்புக்கும் பத்து மைல் போக வேண்டிய ஊரில் எந்த இளம் குடும்பம் தங்கும்? தங்கியிருக்கிற முதியவர்கள்தாம் என்ன செய்வார்கள்? சில்லறைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடும்போது அவற்றுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரியின் பற்று வரவும் சேர்ந்து சுருங்குகிறது. ஆகவே இது சமூக நலத் துறை மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி அன்று. நம் தொழிலின் செய்தி.

இந்தச் சிக்கலை மற்ற நாடுகளுக்கு முன்னதாகவே சந்தித்த நாடு ஜப்பான். அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை 2008-ஆம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு இறங்கு முகமாகிவிட்டது. நாட்டுப்புறங்களில் சரிவு அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. கடைக்குப் போக வழியில்லாமல் தவிக்கும் முதியவர்களைக் குறிக்க 'கடை அகதிகள்' என்று பொருள்படும் ஒரு சொல்லே அங்கு புழக்கத்துக்கு வந்துவிட்டது. அந்த நாட்டின் ஷிகோகு தீவில் உள்ள டோகுஷிமா மாவட்டத்தில் மூன்று முயற்சிகள் நடந்துள்ளன. மூன்றுக்கும் ஆணிவேர் வியாபாரம். மூன்றையும் நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது பயனுள்ளது என்று கருதி இங்கே விளக்குகிறோம்.

ஊர் எப்படித் தேய்ந்தது?

டோகுஷிமாவின் உட்பகுதி பெரும்பாலும் மலை. மரம் வெட்டுதலும் ஆரஞ்சுத் தோட்டமும் அங்கே வருவாய் தந்த தொழில்கள். 1964-இல் ஜப்பான் வெளிநாட்டு மர இறக்குமதியைத் தாராளமாக்கியது. விலை மலிவான மரம் கப்பலில் வந்து இறங்க, மலைக்காட்டு மரத்துக்குப் போட்டி கடுமையாயிற்று. இளைஞர்கள் ஒசாகா, கோபே போன்ற நகரங்களுக்குப் புறப்பட்டார்கள். காமிகட்சு என்ற மலை ஊரில் 1955-ஆம் ஆண்டில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். 2020 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 1,400 பேருக்கும் குறைவு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 65 வயதைத் தாண்டியவர்கள்.

போக்குவரத்து வசதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதுண்டு. டோகுஷிமாவுக்கு அதுவும் வந்தது. 1998-இல் அகாஷி கைக்யோ என்ற மாபெரும் தொங்கு பாலம் திறக்கப்பட்டு, கோபே நகருக்கு நேராகக் காரிலும் பஸ்ஸிலும் போகும் வழி பிறந்தது. ஆனால் சாலை இரண்டு பக்கமும் ஓடும் அல்லவா? நகரத்து மக்கள் டோகுஷிமாவுக்கு வந்ததைப் போலவே டோகுஷிமா மக்களும் பாலம் ஏறி நகரத்துக்கே கடைக்குப் போகத் தொடங்கினார்கள். 2020 ஆகஸ்டு மாதக் கடைசியில் டோகுஷிமா நகரத்தில் இருந்த ஒரே பெரிய பல்பொருள் அங்காடி மூடப்பட்டது. சாலை சரக்கையும் கொண்டுவரும், வாடிக்கையாளரையும் கொண்டுபோகும். உள்ளூரில் வாங்கவும் விற்கவும் ஏதாவது இருந்தால்தான் சாலையால் பயன்.

இலையைக் காசாக்கிய ஊர்

காமிகட்சுவின் முக்கிய வருவாய் ஆரஞ்சு வகைப் பழங்கள். 1981 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் மரங்கள் பட்டுப்போயின. ஒரே பருவத்தில் ஊரின் முதல் முழுவதும் அழிந்தது போலாயிற்று. அப்போது அங்கே விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆலோசகராக இருந்தவர் திரு. யோகோஇஷி டோமோஜி என்ற இளைஞர். 1979-இல் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர். காய்கறி, காளான் என்று பலவற்றை முயன்று பார்த்தார். ஓரளவு பலன் கிடைத்தது. ஆனால் ஊரில் இருந்தவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். கனமான கூடையைத் தூக்கி மலை ஏறி இறங்க அவர்களால் முடியாது.

1986-இல் ஒசாகாவில் ஓர் உணவு விடுதியில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். தட்டில் அலங்காரமாக வைத்திருந்த ஒரு மேப்பிள் இலையைப் பக்கத்து மேசையில் இருந்த இளம் பெண் வியந்து பார்த்து, கைக்குட்டையில் மடித்து எடுத்துப் போனார். நம் ஊர் மலை முழுவதும் இதுதானே கிடக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஜப்பானிய உயர்தர உணவு விடுதிகளில் உணவோடு பருவத்துக்கேற்ற இலை, பூ, சிறு கிளை வைப்பது வழக்கம். அவற்றை விடுதிக்காரர்களே தேடிப் பறித்து வந்தார்கள். சரக்குக்குத் தேவை இருந்தது. ஒழுங்காகச் சரக்குப் போடுவார் இல்லை.

வாழையிலைக் கட்டும் வெற்றிலைக் கவுளியும் விற்றுப் பழகிய நமக்கு இலை வியாபாரம் வியப்பாக இராது. ஆனால் காமிகட்சு மக்கள் நகைத்தார்கள். இலையைக் காசாக மாற்றுவது அந்த நாட்டுக் கதைகளில் வரும் நரியின் மாய வித்தை. அதோடு, கீழே கிடக்கும் இலையைப் பொறுக்கி விற்பதா என்ற மானப் பிரச்சினையும் இருந்தது. நான்கு பேர் மட்டும் முன்வந்தார்கள். 1987-இல் வியாபாரம் தொடங்கியது.

முதலில் சரக்கு விலை போகவில்லை. இலை அழகாக இருந்தால் போதும் என்று அனுப்பினார்கள். சந்தையில் சீந்துவாரில்லை. திரு. யோகோஇஷி செய்ததுதான் வியாபாரிகளாகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. சொந்தச் செலவில் உயர்தர விடுதிகளுக்குப் போய்ச் சாப்பிட்டு, இலை எந்தத் தட்டில், எந்த அளவில், எந்தப் பருவத்தில் வைக்கப்படுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். அந்த விருந்துச் சாப்பாட்டால் அவருக்கு மூட்டு வாத நோயே வந்துவிட்டது. ஆனால் விஷயம் பிடிபட்டது. விடுதிக்குப் பூவும் இலையும் பருவம் பிறந்த பிறகு தேவையில்லை, பருவத்துக்குச் சற்று முன்னதாகவே தேவை. தட்டுக்கு அடங்கும் அளவு வேண்டும். ஒரு பெட்டியில் உள்ள இலைகள் அனைத்தும் ஒரே அளவிலும் ஒரே நிறத்திலும் இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு தரம் பிரித்து, சிறு பிளாஸ்டிக் தட்டுகளில் அடுக்கி அனுப்பிய பிறகுதான் விலை கிடைத்தது. அப்புறம் பெண்கள் தங்கள் தோட்டத்திலேயே மேப்பிள், பிளம் முதலிய மரங்களை நட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். காலப்போக்கில் முந்நூறுக்கு மேற்பட்ட வகைகள் சேர்ந்தன.

ஃபேக்ஸ் வந்தது, கணிப்பொறி வந்தது

இலை அழுகும் சரக்கு. விடுதிக்காரர் இன்று கேட்டால் நாளை கையில் இருக்க வேண்டும். வீடுகளோ மலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து ஆர்டர் சொல்லி முடிவதற்குள் நேரம் கடந்துவிடும். அந்த ஊரில் புயல், வெள்ளம் பற்றி எச்சரிப்பதற்காக வீடுகளை இணைக்கும் ஒலிபரப்பு அமைப்பு ஒன்று இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அதையே பயன்படுத்தி ஆர்டர்களை எல்லா வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் ஃபேக்ஸில் அனுப்பினார்கள். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவருக்கு ஆர்டர். பேரிடருக்காகப் போட்ட அமைப்பு தினசரி வியாபாரத்துக்குப் பயன்பட்டது.

1999-இல் 'இரோடோரி' என்ற நிறுவனம் ஊராட்சியின் பங்கேற்புடன் அமைக்கப்பட்டு, கணிப்பொறி வலை வந்தது. எழுபது வயதுப் பாட்டிமார்களுக்கு விசைப்பலகை ஒத்துவருமா என்ற கேள்வி எழுந்தது. அவர்களை மாற்ற முயலாமல் கருவியை மாற்றினார்கள். உள்ளங்கையால் உருட்டும் பெரிய உருண்டையும் பெரிய பொத்தான்களும் வைத்து எளிமையாக்கினார்கள். பின்னாளில் கைப்பலகைக் கணிப்பொறிகளும் வந்துசேர்ந்தன.

திரையில் என்ன தெரிந்தது என்பது கருவியைவிட முக்கியம். அன்றைய ஆர்டர், சந்தைப் போக்கு, எந்தச் சரக்குக்கு விலை ஏறுகிறது, எது தேங்குகிறது என்பன தெரிந்தன. அத்துடன், விற்பனையில் தாம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் பார்க்கலாம். பக்கத்து வீட்டாரைவிட ஓரிடம் முன்னேற வேண்டும் என்ற ஆசை யாரைத்தான் விட்டது? காலையில் எழுந்து சந்தை நிலவரம் பார்த்து, இன்று எதைப் பறிப்பது, எதை நாளைக்கு விடுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். உச்ச ஆண்டுகளில் ஊரின் இலை விற்பனை 25 கோடி யென்னைத் தாண்டியது. இந்த வரலாறு 2012-இல் திரைப்படமாகவும் வந்தது.

ஆள் தேடாமல் தொழில் தேடிய ஊர்

அதே மாவட்டத்தில் காமியாமா என்று மற்றோர் ஊர். 1955-இல் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை இப்போது ஐயாயிரத்துக்கும் கீழே. இங்கே கம்பி வந்த கதையும் சுவையானது. டோகுஷிமா மக்கள் ஒசாகா பகுதித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஆன்டெனா வழியாகப் பார்த்துப் பழகியிருந்தார்கள். 2011-இல் பழைய ஒளிபரப்பு முறை நிறுத்தப்பட்டால் அவை கிடைக்காது என்ற நிலை. எனவே மாவட்டம் முழுவதும் கேபிள் போடும் வேலையை அரசு ஊக்குவித்தது. அப்படிப் போட்ட ஒளியிழைக் கம்பியில் இன்டர்நெட்டும் வேகமாக ஓடியது. பயன்படுத்துவோர் குறைவாதலால் நகரத்தைவிட நெரிசல் இல்லாமல் ஓடியது.

2010-இல் டோக்கியோவைச் சேர்ந்த சான்சான் என்ற நிறுவனம் காமியாமாவில் ஒரு பழைய விவசாய வீட்டைக் கிளை அலுவலகமாக்கியது. பிறகு வேறு நிறுவனங்களும் வந்தன. ஆனால் இன்டர்நெட் வந்ததனால் மட்டும் இவர்கள் வரவில்லை. 1999 முதலே அந்த ஊரார் கலைஞர்களை அழைத்து, சில மாதம் தங்கவைத்து வேலை செய்ய இடம் கொடுத்து வந்தார்கள். வெளியாரோடு பழகும் பக்குவம் ஊருக்கு ஏற்கெனவே வந்திருந்தது. 2004-இல் 'கிரீன் வேலி' என்ற தொண்டு நிறுவனத்தை அமைத்து, திரு. ஓமினாமி ஷின்யா முதலானோர் முயற்சியை முன்னெடுத்தார்கள். மக்கள்தொகை குறைவதைத் தடுக்க முடியாது, ஆனால் எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை மாற்றலாம் என்பது அவருடைய கருத்து.

அவர்கள் கையாண்ட முறை வியாபாரிகளுக்கு நன்கு புரியும். காலி வீடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்று அவர்கள் விளம்பரம் செய்யவில்லை. இந்த வீட்டுக்கு ரொட்டி சுடத் தெரிந்தவர் வேண்டும், அந்த வீட்டுக்குக் கணிப்பொறி வடிவமைப்பாளர் வேண்டும் என்று தொழிலைக் குறிப்பிட்டு இணையத்தில் அறிவித்தார்கள். ஊருக்கு எந்தக் கடை இல்லையோ அந்தக் கடைக்காரரை அழைத்தார்கள். 2011-இல் ஊரை விட்டுப் போனவர்கள் 139 பேர், வந்து குடியேறியவர்கள் 151 பேர். பன்னிரண்டு பேர்தான் மிச்சம். ஆனாலும் பல பத்தாண்டுகளாகப் பற்று மட்டுமே எழுதிய ஏட்டில் வரவும் விழுந்த ஆண்டு அது.

2016-இல் அங்கே தொடங்கிய ஒரு நிறுவனம் உள்ளூர் விளைச்சலை உள்ளூரிலேயே சமைத்து விற்கிறது. தங்கள் சமையலில் எத்தனை சதவீதப் பொருள் இந்த ஊரில் விளைந்தது என்று கணக்கிட்டு வாடிக்கையாளருக்குச் சொல்கிறார்கள். உணவகத்தோடு ரொட்டிக் கடையும் மளிகைக் கடையும் சேர்ந்து நடக்கின்றன. 2023 ஏப்ரலில் ஐந்தாண்டுத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றும் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு நாற்பது மாணவர் சேர்கிறார்கள். இளைஞர் வெளியேறியே பழகிய ஊருக்கு இளைஞர் வந்து சேர்வது புதிது.

கடை இல்லாத இடத்துக்கு நடமாடும் கடை

மூன்றாவது முயற்சி நம் தொழிலுக்கு மிக நெருக்கமானது. 2012-இல் டோகுஷிமாவில் திரு. சுமிடோமோ தட்சுயா 'டோகுஷிமாரு' என்ற நடமாடும் மளிகைக் கடையைத் தொடங்கினார். சிறு லாரியில் சுமார் 400 வகைப் பொருள்கள். காய்கறி, மீன், இறைச்சி, ரொட்டி, சோப்பு என்று எல்லாம் உண்டு. வாரத்துக்கு இரண்டு முறை முதியவர்களின் வீட்டு வாசலுக்கே வண்டி வரும்.

இதன் கணக்கு எப்படி என்று பார்ப்போம். வண்டி ஓட்டுபவருக்கு வண்டி சொந்தம். அவர் தனி வியாபாரி. சரக்கு உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வருகிறது. காலையில் ஏற்றிக்கொண்டு போய், மாலையில் விற்காத சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆகவே அவருக்குச் சரக்கில் முதல் முடங்குவதில்லை. தேங்கும் நஷ்டமும் இல்லை. திரும்பிய சரக்கைக் கடை அன்று மாலையே விற்றுக்கொள்ளும். வண்டிச் செலவை ஈடுகட்ட ஒவ்வொரு பொருளுக்கும் கடை விலைக்கு மேல் பத்து யென் கூட்டினார்கள். செலவு ஏறியதால் பின்னர் அது உயர்ந்தது. மறைக்காமல் முன்கூட்டியே சொல்லி வாங்குவதால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பதில்லை. டாக்சிக் கூலியோடு ஒப்பிட்டால் அது அவர்களுக்கு லாபமே.

இந்த வியாபாரத்தில் இரண்டு விதிகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, தனியார் சிறு கடை இருக்கும் இடத்துக்கு 300 மீட்டர் சுற்றளவில் வண்டியை நிறுத்தி விற்பதில்லை. எஞ்சியிருக்கும் சிறு கடையைக் கொன்றுவிட்டு அந்த இடத்தைப் பிடிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது என்பது கொள்கை. மற்றொன்று, தேவைக்கு மேல் விற்பதில்லை. தனியே இருக்கும் பாட்டி இரண்டு பாக்கெட் கேட்டால், போன முறை வாங்கியது இன்னும் இருக்குமே, ஒன்று போதும் என்று சொல்லும் உரிமை விற்பவருக்கு உண்டு. அன்றைய விற்பனை சற்றுக் குறையும். ஆனால் அந்த வீடு ஆண்டுக் கணக்கில் வாடிக்கையாக நிற்கும். 2016-இல் இந்த நிறுவனம் ஓய்சிக்ஸ் என்ற பெரிய உணவுப்பொருள் நிறுவனத்தோடு இணைந்தது. இன்று ஜப்பான் முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன.

லாப நஷ்டக் கணக்கு

வியாபாரிகளுக்கு ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது முறையன்று. காமிகட்சுவின் மக்கள்தொகை இன்றும் குறைந்துகொண்டுதான் வருகிறது. இலை பறித்த பெண்மணிகளுக்கு வயதாகிவிட்டது. அடுத்து யார் என்ற கேள்வி நிற்கிறது. 2020-இல் கொரோனா வந்து உணவு விடுதிகள் மூடப்பட்டபோது இலைக்கான ஆர்டரும் விழுந்தது. ஒன்றையே நம்பினால் என்ன ஆகும் என்பதை 1981 குளிருக்குப் பிறகு இரண்டாம் முறையாக அந்த ஊர் கண்டது. காமியாமாவிலும் இறப்பவர்களின் எண்ணிக்கை பிறப்பவர்களைவிட அதிகம். வந்து குடியேறுபவர்களால் அதை முழுவதும் ஈடுகட்ட முடியவில்லை.

அப்படியானால் பயன் என்ன? எழுபது, எண்பது வயதில் பிள்ளைகள் அனுப்பும் பணத்தை எதிர்பார்க்காமல், தம் கையால் சம்பாதித்துத் தம் கணக்கில் வரவு வைக்க முடிந்தது. பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தார்கள். ஊரில் பணம் புழங்கியதால் கடைகளுக்கும் வேலை இருந்தது. தேய்வதை முழுவதும் நிறுத்த முடியாவிட்டாலும், தேய்ந்துகொண்டே சாவதற்கும் குறைந்த ஆட்களோடு நன்றாக வாழ்வதற்கும் வேறுபாடு உண்டு.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, சரக்கை விளைவிப்பதற்கு முன் வாங்குபவரின் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இலை மலையில் எப்போதும் இருந்தது. அதை விலை போகும் சரக்காக்கியது விடுதியின் தட்டைப் பார்த்துவந்த கண்.

இரண்டாவது, தரம் பிரித்தல். ஒரே அளவு, ஒரே நிறம், சொன்ன நேரத்தில் சரக்கு. இது இல்லாமல் எந்தக் கணிப்பொறியும் விற்றுத் தராது.

மூன்றாவது, கருவி. ஃபேக்ஸ் ஆகட்டும், கணிப்பொறி ஆகட்டும், இன்று நம் கையில் உள்ள வாட்ஸ்அப் ஆகட்டும், அது கொண்டுவரும் செய்திதான் சரக்கு. யாருக்கு என்ன, எவ்வளவு, எப்போது தேவை என்பதை நாள்தோறும் சொல்லாத கருவி கடையில் தூசி படியும் அலங்காரமே. கருவி பயன்படுத்துவோருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வயதான வாடிக்கையாளர் போனில் பேசித்தான் சாமான் சொல்வார் என்றால், போனை எடுத்துச் சிட்டையில் எழுதிக்கொள்வதே அவருக்கு நவீன முறை.

நான்காவது, மொத்த வியாபாரிகளுக்கானது. விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், முதல் இல்லாத இளைஞர்கூட வண்டியில் ஏற்றிக்கொண்டு கடை இல்லாத இடத்துக்குப் போவார். நஷ்டப் பயத்தை யார் சுமப்பது என்பதைச் சரியாகப் பங்கிட்டாலே புதிய விற்பனைப் பாதை திறக்கும்.

ஐந்தாவது, ஊரில் எந்தத் தொழில் இல்லை என்று வியாபாரிகள் கூடிப் பட்டியல் போட வேண்டும். காலி வீட்டைவிட, காலியாக இருக்கும் தொழில் எது என்பதே வருபவரை ஈர்க்கிறது. அடுத்த கடைக்காரர் வந்தால் நம் வியாபாரம் குறையும் என்று அஞ்சுவோர் உண்டு. கடைகள் இருக்கும் தெருவுக்குத்தான் ஆட்கள் வருவார்கள் என்பது நாம் கண்கூடாகக் காணும் உண்மை.

ஓர் ஊரின் தேவை, கையிருப்பு, வாங்கும் சக்தி, நம்பிக்கை ஆகிய நான்கும் ஒருங்கே தெரிந்த இடம் கடை. அரசு திட்டம் போடலாம், கம்பி இழுக்கலாம். அந்தக் கம்பியில் ஓட வேண்டிய செய்தி வியாபாரியின் ஏட்டில் இருக்கிறது. அந்த ஏட்டை ஊரின் நலனுக்காகவும் புரட்டிப் பார்க்க வேண்டிய காலம் இது. நம் சங்கக் கிளைகள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்து விவாதிக்கலாம். ஊர் நிலைத்தால் கடை நிலைக்கும். கடை நிலைத்தால் ஊரும் நிலைக்கும்.